ஒரே கட்டாகச் சுற்றிய குழாய்கள்

செவ்வாய், காலை 7.10
நிலவின் தென்முனை, மூன்றாம் குடில். எழுதுவது பொன்னுரங்கம், ஏசி மெக்கானிக். இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். போன வருடம்தான் எழுதப் படித்தேன், மெதுவாகத்தான் வரும். என் பெயரை நானே எழுதி இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது!

இங்கே நான் மட்டும். காற்று தயாரிக்கும் இயந்திரம் சூட்டில் திணறுகிறது. அதைக் குளிர வைத்த ஏசி செத்துவிட்டது. புதியதை இன்றே மாட்ட வேண்டும். பெரிய நிலையத்திலிருந்து ஜெசிந்தா வானொலியில் சொன்னாள்: "வாயால சொல்லுங்க பெரியப்பா, மெஷினே எழுதிக்கிடும். இப்படி உக்காந்து எழுதினா வேலை எப்ப முடியும்?"

"பேச எனக்கு அறுபது வருஷமாத் தெரியும் தாயி. இதுதான் புதுசு."

காலை 11.40
விண்வெளி உடுப்பைப் போட்டுக்கொண்டு, குடிலின் காற்றைத் தொட்டிக்கு இழுத்து வைத்துவிட்டு வேலை செய்தேன். சுவர்த் துளையிலிருந்து பழைய குழாய்களை உருவினேன். புதிய செம்புக் குழாய்கள் இரண்டு, வயர் ஒன்று. மூன்றையும் சேர்த்து டேப் சுற்றி ஒரே கட்டாக்கினேன். தூத்துக்குடியில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் சுற்றியிருக்கிறேன். துளையில் நுழைத்துச் சுற்றிலும் பசை அடைத்தேன். குழாய் வாய்களை விரித்து நட்டுகளை இறுக்கினேன். வயர்களை மாட்டும்போது பக்கத்தில் இருந்த எழுத்துகளையும் வாசித்தேன். முன்பெல்லாம் நிறம் பார்த்து மாட்டுவதோடு சரி.

மதியம் 1.05
காற்றைத் திரும்ப நிரப்பினேன். ஏசி ஓடுகிறது! இயந்திரத்தின் சூடு இறங்குகிறது. உடுப்பைக் கழற்றினேன். அதன் தொட்டி காலி. அதை நிரப்புவதும் இதே இயந்திரம்தான், நேரமாகும்.

கேஸ் கசிகிறதா என்று நட்டுகளில் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

மதியம் 1.20
நுரை வழிந்து டேப் கட்டின் முனைக்குப் போனது. அங்கே காணாமல் போனது. மறுபடி தடவினேன். கட்டு அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

புரிந்துவிட்டது. பசை கட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. குழாய்களுக்கும் வயருக்கும் நடுவே சந்து. டேப் அதை என் கண்ணுக்கு மறைத்துவிட்டது. தூத்துக்குடியில் அந்தச் சந்து வழியாக எறும்பு வரும். இங்கே என் காற்று போகிறது.

மூன்றையும் தனித்தனியாக விட்டுப் பசை வைத்திருக்க வேண்டும். இப்போது கட்டை உருவினால் துளை முழுதாகத் திறந்துவிடும்.

மதியம் 2.00
மிச்சப் பசையை வைத்தேன். காய்வதற்குள் உள்ளே போய்விட்டது. துணி வைத்தேன், அதன் வழியாகவும் உறிஞ்சுகிறது. காற்றழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வேறு வழியில்லாமல் கட்டின் முனையைக் குழாய்களோடு சேர்த்து இடது உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினேன். முள் நின்றது. வலது கையால் எழுதுகிறேன். எழுதாவிட்டால் பயம் அதிகமாகிறது.

"கையை எடுத்துராதீங்க பெரியப்பா. வண்டி கிளம்பிட்டு."

"வழியில டீ குடிக்க நிறுத்திராம வரச் சொல்லு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மாலை 3.30
குழாயில் பனி பிடிக்கிறது. ஏசியை நிறுத்தினால் பனி உருகும். ஆனால் இயந்திரம் சூடேறி நின்றுவிடும். ஓடட்டும்.

நுரை தடவிய கை. ஈரம் காயவே இல்லை. முதலில் எரிந்தது. இப்போது எரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மாலை 4.45
வந்துவிட்டார்கள்! சுவரில் தட்டும் சத்தம் கேட்கிறது. வானொலியில் ஜெசிந்தா:

"பெரியப்பா, அழுத்தம் குறைஞ்சதுல வாசல் ரெட்டைக் கதவும் தானாப் பூட்டிக்கிட்டு. வெளிய இருந்து உடைச்சா உங்க காத்து மொத்தமும் போயிரும். உள்ள இருக்க நெம்புகோலை நீங்கதான் இழுக்கணும். கொஞ்ச நேரம் கையை எடுத்தா ஒண்ணும் ஆகாது. எடுத்துட்டு ஓடுங்க!"

எடுத்தேன்.

எடுத்துவிட்டதாக நினைத்தேன். நடக்கப் போனால் தோள் இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். கை குழாயிலேயே இருக்கிறது. வெள்ளையாக. அது என் கை மாதிரியே இல்லை.

"பெரியப்பா? இழுங்க! என்ன செய்யுதீங்க?"

ஊற்றிப் பனியை இளக்கலாம் என்றால் சோப்பு நீர் வாளி எட்டவில்லை. ஏசி விசையும் எட்டவில்லை. முள் மறுபடி இறங்குகிறது, விரல்களுக்கு நடுவே எங்கோ வழி கிடைத்திருக்கிறது. மூச்சு

மூச்சு சின்னதாக வருகிறது.

நெம்புகோல் எட்டவில்லை. டேப் வெட்டும் கத்தி எட்டுகிறது. பேனாவைக் கீழே வைத்தால்தான் அதை எடுக்க முடியும்.