மனநிறைவோடு விடைபெறுகிறேன்

மாமா,

நேற்று அத்தை உங்கள் மஞ்சள் பிளாஸ்டிக் பைலை என் மடியில் வைத்தார். வேலை போனவர் இறந்திருந்தால் குடும்பத்தாரே நிவாரணத்துக்கு மனு கொடுக்கலாம் என்று இப்போது அறிவிப்பு வந்திருக்கிறது. எந்தத் தாள் உதவும் என்று பார்க்கச் சொன்னார். திறந்ததும் உங்கள் தைல வாசனை. மூன்றாவது தாள் ஒரு ஜெராக்ஸ், முழுக்க என் கையெழுத்து.

உங்கள் நூல் மில்லில் ஆர்டர் இல்லாமல் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியிருந்த நேரம் அது. "கோர்ட்லகூட ஆர்டர் ஆர்டர்ங்கறாங்க, உங்க மில்லுல மட்டும் இல்லீங்களா மாமா" என்றேன். போத்தனூர் ஸ்டேஷன் டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காக நான் எதையும் சொல்வேன். கோளாறே அதுதான்.

ஒரு நாள் வெள்ளைத்தாளோடு வந்தீர்கள். ஆளைக் குறைத்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். குறைக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணமும் உண்டு. நஷ்டஈட்டைத் தவிர்க்க மேனேஜர் யாரையும் குறைக்கவில்லை. தாமாக விலகுவதாக எழுதிக் கொடுப்பவரை, ஆர்டர் வந்ததும் முதலில் கூப்பிடுவதாக மட்டும் சொல்லியிருந்தார். நீங்கள் நம்பினீர்கள். நான் யோசிக்கவே இல்லை.

"நல்லா எழுது மாப்ள. படிச்சா முதலாளிக்குக் கண்ணு கலங்கோணும்."

இயந்திரங்களின் தாலாட்டில் கழிந்த என் இருபது ஆண்டுகள் தித்திக்கின்றன என்று எழுதினேன். கெத்தாக இருக்கட்டுமென்று, எவருடைய வற்புறுத்தலுமின்றி மனநிறைவோடு விடைபெறுகிறேன் என்று முடித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கையெழுத்துப் போட்டீர்கள்.

மில் கூப்பிடவில்லை. நிவாரணம் கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போனோம். மில் அனுப்பியிருந்த அந்தக் கடிதத்தின் நகலை அதிகாரி வரிசை முழுக்கக் கேட்கும்படி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

"இத்தனை சந்தோசமாப் போனவருக்கு எதுக்குங்க நிவாரணம்? ஆருங்க இத எழுதுனது?"

"நாந்தானுங்க" என்றீர்கள். வரிசை சிரித்தது. எதற்கும் வாய் மூடாத நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றுதான் சொன்னீர்கள். "நல்லாத்தான் எழுதியிருக்கற மாப்ள." அதில் குத்தல் இல்லை. ஒரு திட்டாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இல்லை.

வேலையோடு மருத்துவக் காப்பீட்டு அட்டையும் போயிற்று. நெஞ்சு மாத்திரையைப் பாதியாக உடைத்தீர்கள், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கினீர்கள். பாதி மாத்திரைக்குப் பாதி நெஞ்சுவலிதான் வரும் என்று சொன்னீர்கள், அதற்கும் சிரித்தேன். ஆடிக் காற்றில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. மில்லிலிருந்து மாலை வந்தது. கொண்டுவந்தவர், ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று அத்தை பூண்டு உரித்தபடி, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி விடாமல் வாசித்தேன். தாலாட்டு, தித்திப்பு, மனநிறைவு, எல்லாம்.

கேட்டு முடித்துவிட்டு, உரித்த பற்களைக் கிண்ணத்தில் தள்ளினார்.

"அவருக்கு இவ்வளவு தமிழ் ஏது கண்ணு" என்றார்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

"என்ற மனுவ எழுது. இந்தத் தடவ அழகா எழுதாத."