விரிசலில் பூசிய பட்டி

அண்ணே,

மானகிரியில் புதிதாக ஒரு பவுடர் கோட்டிங் கடை வந்திருக்கிறது. மருமகனுடைய காரின் நான்கு சக்கரங்களிலும் டயரைக் கழற்றிவிட்டு, இரும்பு டிஸ்க்குகளை மட்டும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேற்று முன்தினம் அங்கே போனேன். பெயின்ட் அடிப்பதா, பவுடர் அடிப்பதா என்று கேட்டு வரத்தான் போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், பொறுமையாகச் சொன்னார். பெயின்ட் என்றால் சாயங்காலமே வாங்கிக்கொண்டு போகலாம், ஆனால் கல் பட்டால் பெயர்ந்து வரும். பவுடர் என்றால் பொடியைத் தூவி அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பார்கள், இரும்பை விட்டு அசையாது, மூன்று நாள் ஆகும். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருப்பேன். அவர் இன்னொன்றும் சொன்னார்.

"ஐயா, பழைய டிஸ்க்குல எங்கயாச்சும் பட்டி வச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. எங்க அடுப்புல பட்டி நிக்காது. எல்லாத்தையும் சுரண்டி வெறும் இரும்பாக்கிட்டுத்தான் பவுடர் அடிப்போம். விரிசல் இருந்தா அப்பவே தெரிஞ்சு போயிரும்."

அவர் வாங்கிக் கொடுத்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. செத்துப்போனவர் மீது இவ்வளவு கோபம் வருமா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. வருகிறது அண்ணே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டையூர் ரோட்டில் நம் ஷெட் இருந்த காலத்தை ஊரில் இன்னும் நாலு பேர் பேசுகிறார்கள். தகரம் நெளிந்து வந்தால் நான் தட்டி நிமிர்த்துவேன். என் சுத்தியல் விட்ட பள்ளத்தையெல்லாம் நீங்கள் பட்டிப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, சமமாக்கி, அதன்மேல் பெயின்ட் அடிப்பீர்கள். உங்கள் கையில் ஸ்ப்ரே கன் இருந்தால் பார்க்க வேண்டுமே. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் ஒரு கதவை முடிப்பீர்கள். காய்ந்ததும் அந்தக் கதவைப் பார்த்து நான் தலை சீவியிருக்கிறேன். "இரும்ப யாரு தம்பி பாக்குறா? மினுமினுப்பத்தான் பாப்பாக" என்று சிரிப்பீர்கள். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்ததும் நீங்கள்தான், பந்தலில் முன்னால் நின்றதும் நீங்கள்தான். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுக்க முடிந்திருந்தால் உங்களைத் திட்டுவது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கோட்டையூரில் வருசம் முழுக்கப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் கல்யாணம் வைத்தார்கள். குடும்பம் மலேயாவிலிருந்து வந்து இறங்குகிறது, மாப்பிள்ளை அவருடைய அப்பச்சி, அதுதான் அப்பா, ஓட்டிய காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார்கள். அந்தக் கறுப்புச் சீமைக்கார், மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தபடி கார் கொட்டகையில் எத்தனையோ வருசமாகக் கிடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற காரியஸ்தர் நம்மிடம் வந்து முகூர்த்தத்தன்று வண்டி வாசலில் நிற்குமா என்று கேட்டார். நான் தலையைச் சொறிவதற்குள் நீங்கள் நிற்கும் என்று சொல்லிவிட்டீர்கள்.

எஞ்சின் வேலைக்கு வேறு ஆள் வந்து முடித்தார். மிச்சமெல்லாம் நம்முடையது. சக்கரங்கள்தான் துருவேறிக் கிடந்தன. அப்போது பவுடரும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஆனால் ஸ்டீல் பீரோ செய்கிற ஒருவர் நம் ஊரில் அடுப்பு வைத்திருந்தார். பீரோவை ஆசிட் தொட்டியில் முக்கி, வெறும் தகரமாகக் கழுவி, பெயின்ட் அடித்து அந்த அடுப்பில் சுட்டு எடுப்பார். நகத்தால் கீறினாலும் கோடு விழாது. சக்கரங்களை அவரிடம் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றீர்கள். மறுநாளும் சொன்னேன், கல்யாண சீசனில் பீரோக்காரருக்கு நம் வேலையைப் பார்க்க நேரம் இருக்காது என்றீர்கள். நானே போய்க் கேட்டு, இரண்டு நாளில் தருகிறேன் என்று அவர் வாயால் சொல்ல வைத்துக்கொண்டு வந்தேன். அப்போதும் முடியாது என்றீர்கள்.

"என்னண்ணே, பீரோக்காரர் அடுப்புக்கு உங்க கன்னு பயப்படுதா? சும்மா குடுத்துப் பாருங்க, நீங்க ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டீக" என்று கிண்டல் செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.  உங்களுக்குத் தொழில் கர்வம் என்றுதானே நான் நினைத்தேன்? நீங்களும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

மறுநாள் கதவு ரப்பர் வாங்க என்னை மதுரைக்கு அனுப்பினீர்கள். நான் திரும்பி வந்தபோது நான்கு சக்கரங்களும் பிரைமர் அடித்து, சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. கை சும்மா இருக்கவில்லை, முடித்துவிட்டேன் என்றீர்கள்.

கல்யாணத்தன்று அந்தக் கார் வந்து நின்ற அழகை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளை வேட்டி கட்டி, காரியஸ்தருக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் எல்லாரும் பாராட்டியதை வாங்கிக்கொண்டீர்கள். ஓட்டியது நம் கருப்பையா. ஊரில் அவனைப் போல் நிதானமான டிரைவர் கிடையாது, மாட்டு வண்டிக்காரன்கூட அவனைக் கேலி செய்வான். மூன்றாம் நாள் விருந்தாளிகளை இறக்கிவிட்டு வரச் சொல்லி, புதுவயலுக்கு அனுப்பினார்கள். மில்லில் வேலை பார்த்த அவன் தம்பி சோலை, திரும்பி வரும்போது அண்ணனோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டான். சீமைக்காரில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை, வேறென்ன. மில் தாண்டுகிற வளைவில் இடது முன்சக்கரம் ஒடிந்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய் மில் சுவரில் மோதியது. மோதிய பக்கம் சோலை உட்கார்ந்திருந்த பக்கம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே அவன் போய்விட்டான். கருப்பையாவுக்கு மணிக்கட்டில் மட்டும் அடி.

போலீஸார் வண்டியைப் பற்றி நம்மிடம்தான் கேட்டார்கள். "சக்கரமெல்லாம் நல்லாத்தான்யா இருந்துச்சு. ஓட்டுன வேகம்" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அப்போது அதுவே உண்மை என்றுதான் பட்டது.

வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் போட்டபின், அந்த ஒடிந்த துண்டை நான் கையில் எடுத்தேன். புதிதாக ஒடிந்த இரும்பு பளபளவென்று இருக்கும், அது தகரம் தட்டுகிற எந்த டிங்கருக்கும் தெரியும். அந்தத் துண்டில் ஒரு விரல் நீளம்தான் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் உள்வரை பழைய துரு. நட்டு ஓட்டையிலிருந்து நட்டு ஓட்டைக்கு ஓடிய விரிசல். அந்தத் துருவின் வாயில், வழித்துத் தேய்த்த பட்டி இருந்தது. உங்கள் கை வேலை, அவ்வளவு சுத்தம்.

பீரோக்காரரின் ஆசிட் தொட்டி ஏன் வேண்டாம் என்றீர்கள் என்பது எனக்கு அங்கே, அந்த நிமிசத்தில் புரிந்தது. அந்தத் தொட்டியில் இறங்கினால் துருவும் பழைய பூச்சும் கழன்று, விரிசல் பல்லைக் காட்டியிருக்கும். அந்தக் காருக்கு வேறு சக்கரம் ஊரில் கிடைக்காது. வண்டி நிற்காது என்று காரியஸ்தரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன வாக்கு போய்விடும். இதற்குத்தானே அண்ணே? ஒரு நாள் வாசலில் நின்றால் போதும், அப்புறம் திரும்பக் கட்டையில் ஏற்றிவிடுவார்கள் என்றுதானே கணக்குப் போட்டீர்கள்?

துண்டை உங்கள் முன் நீட்டினேன்.  என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்:

"இத இப்பச் சொன்னா செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா? நம்ம ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும், அம்புட்டுத்தான்."

அடுத்த நாள் அந்தத் துண்டு ஷெட்டில் இல்லை. நானும் எங்கே என்று கேட்கவில்லை. அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு என் வாயை அடைத்தது அதுதான். ஒரு வருசம் கழித்துத் தனியாக ஷெட் போட்டுக்கொண்டேன். இடம் போதவில்லை என்று ஊரில் சொன்னேன். உங்களுக்கு மட்டும் காரணம் தெரியும்.

கருப்பையாவின் லைசென்ஸ் போயிற்று. கல்யாண வீட்டுக் குஷியில் வண்டியை வேகமாக மிதித்துத் தம்பியைக் கொன்றுவிட்டான் என்று ஊர் பேசியது. அவனைப் பெற்ற தாய் அவன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. சாகும்வரை மகள் வீட்டில் இருந்தார், கடைசியில் பால் ஊற்றக்கூட அவனைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் புதுவயல் மில்லில் மூட்டை தைத்துக் காலத்தை ஓட்டினான். ஸ்டீயரிங்கைத் திரும்பத் தொடவில்லை. பஸ்ஸில் ஏறினால்கூடக் கடைசி சீட்டுக்குத்தான் போவான்.

இதையெல்லாம்கூட ஒரு கோழையின் மௌனம் என்று நான் விட்டுவிடுவேன். நானும் அதே கோழைதான், உங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கவில்லையே. அவனை எங்கே பார்த்தாலும் நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னீர்கள். "விடப்பா, யாரு வேணும்னு செய்வா? நீ என்ன வேணும்னா மிதிச்ச?" என்று என் காது படவே சொன்னீர்கள். எவ்வளவு அருமையான வார்த்தை. ஆறுதல் சொல்கிற சாக்கில், மிதித்தது அவன்தான் என்று அவன் மண்டைக்குள் ஒவ்வொரு தடவையும் ஆணி அடித்தீர்கள். அதற்கு அவன் கையெடுத்துக் கும்பிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீயைக் குடித்துவிட்டு நானும் போய்விடுவேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது பார்க்க வந்தேன். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கருப்பையாவைக் கூட்டி வரட்டுமா, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இப்ப எதுக்குப்பா அது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். ஒரு வாரத்தில் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் உங்கள் காலடியில் உட்கார்ந்து அதிகமாக அழுதது யார் தெரியுமா? கருப்பையா. ஒரு நாள்கூடத் தன்னைக் குறை சொல்லாத மனுசன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதான். மாலை போட வந்தவன், மாலையோடு வாசலில் நின்றேன். உங்கள் மகன்தான் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் போட்டான்.

நேற்று முன்தினம் மானகிரியில் டிஸ்க்குகளை அப்படியே விட்டுவிட்டு, பஸ் ஏறி நேரே புதுவயல் போனேன். கருப்பையா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எப்படி ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. விரிசலைச் சொன்னேன், பட்டியைச் சொன்னேன், பீரோக்காரரிடம் கொடுக்காததைச் சொன்னேன், நான் பார்த்ததையும் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கிட்டத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் உங்களையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை.  கடைசியில் கேட்டான்:

"ஏப்பா, அப்ப நான் வேகமாப் போகலையா?"

இல்லை என்றேன். வழக்கம்போலத்தான் போயிருப்பாய், சக்கரம் தானாக ஒடிந்தது என்றேன்.

"இல்லப்பா. வேகமாத்தான் போனேன்னு எனக்கே ஞாபகம் இருக்கே. மிதிச்சது கால்ல இன்னும் இருக்கே."

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ செய்த வேலை அண்ணே இது. மிதிக்காத மிதியை அவன் காலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். நான் திரும்பச் சொன்னேன். அவன் மனைவி குடத்தோடு வந்ததும், அவள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். தாயை வைத்துப் பார்த்த தன் அக்காவுக்குப் போன் போட்டுத் தரச் சொல்லி, அதிலும் சொல்ல வைத்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆத்தா இருந்திருக்கணும்ப்பா" என்றான்.   நேற்றும் போனேன், முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டான். இன்றைக்கும் போகப் போகிறேன். அவன் காலிலிருந்து அந்த மிதி இறங்குகிற வரைக்கும், நீங்கள் சொல்ல வேண்டியதை நான்தான் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.