மைக்கில் சொன்ன தமிழ்

12 நவம்பர் 1974, செவ்வாய்

விடாத மழை. உப்பளமெல்லாம் வெள்ளம். மரக்காணத்திலிருந்து ஏர்போர்ட் வரை பஸ்ஸில் நின்றபடியே. புடவை ஓரமெல்லாம் சேறு.

பகல் விமானம் இங்கே இறங்க முடியாமல் மெட்ராஸ் போய்விட்டது. காத்திருப்பவர்களை அங்கே கூட்டிப்போக வேன் ஏற்பாடு. மைக்கில் இங்கிலீஷில், இந்தியில் அறிவித்தேன், என் வேலை அது. அந்த இரண்டும்தான், வேறு கூடாது, மேனேஜர் உத்தரவு. கூடத்தில் பாதிப் பேர் அசையவில்லை.

ஓர் அம்மாள் கவுன்டருக்கு வந்தாள். செல்லம்மா, பெருமுக்கல், கூலி வேலை. "எம்புள்ள வர்ற ஏரோப்ளேன் எங்கம்மா?" பட்டாளத்தில் கால் போய்த் திரும்புகிறவன். அவள் பின்னால் இன்னும் எத்தனையோ முகங்கள். வெளியே வேன் ஹாரன்.

மைக்கை எடுத்துத் தமிழில் சொல்லிவிட்டேன். கூடமே எழுந்தது. செல்லம்மா ஓடிய ஓட்டம்!

மேனேஜர்: "யாரக் கேட்டுத் தமிழ்ல பேசினீங்க?"

"கேக்க நேரமில்லைங்க சார்."

13, புதன்

மெமோ. மன்னிப்பு எழுதித் தரவேண்டுமாம்.

அம்மா: "ஒரு வரி எழுதிக் குடுத்துடு பிலோமினா. வேலை போச்சுன்னா என்னாட்டம் உப்பளத்துலதான் நிக்கணும்."

"என்னா தப்புன்னு எழுதறது?"

அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். குழம்பில் உப்பு தூக்கல். கோபத்தில் இரண்டு தடவை போட்டிருப்பாள்.

15, வெள்ளி

எழுதவில்லை. சரக்குக் கொட்டகைக்கு மாற்றம். இறால் பெட்டி, பூக்கூடை, கால் முழுக்க ஐஸ் தண்ணீர். பயம்தான். ஆனாலும் எழுத மாட்டேன்.

பெட்டி தூக்கும் மஸ்தான்: "மேனேஜர் இங்க வரமாட்டாரும்மா. நாத்தம் அப்படி."

செல்லம்மா வந்தாள், மடியில் வேர்க்கடலையோடு. "புள்ள வூட்டுக்கு வந்துட்டான்மா." இருவரும் அழுதோம்.

18, திங்கள்

மறுபடி மழை, விமானம் தாமதம். மைக்கில் புதுப் பெண், இங்கிலீஷ், இந்தி; கொட்டகை வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் கொட்டகை வாசலில் கும்பல். "இன்னாம்மா சொல்றாங்க?" யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். பின்னாலேயே மேனேஜர், மூக்கில் கைக்குட்டை. "வாயத் தொறந்தீங்கன்னா வேலை இருக்காது."

எடை மேடையில் ஏறி நின்றேன். "விமானம் கிளம்பிடுச்சு, வர லேட்டாகும், யாரும் பயப்படாதீங்க!" தொண்டை கிழியக் கத்தினேன். வந்தவர்கள் முகமெல்லாம் தெளிந்தது.

இறங்கி அவரிடமே கேட்டேன்: "வேலை இருக்கா சார், இல்லையா?"

கும்பலைப் பார்த்தார். "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுங்க."

"எங்க சார்? இங்கயா, மைக்குக்கா?"

கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி போய்விட்டார்.

மைக்குக்குத்தான் போகப்போகிறேன்.