ஒளகல்லுத் தீர்த்தத்தில் விட்ட கை

மாசி 3, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் வெயில். அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கமலா வந்தாள், என் வீட்டுக்காரருடைய தங்கை. நீலசந்திராவிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை சிவகங்கை மலைக்குப் போறோம். நீங்களும் வர்றீங்க அண்ணி."

வரவில்லை என்றேன்.

"அண்ணன் வருஷ திவசம் முடிஞ்சுபோச்சுல்ல? இனிமே மலை ஏறலாம். யார் என்ன சொல்றது?"

என் பயம் வேறு. அந்த மலையில் பாறைக்குள் ஒரு பொந்து. ஒளகல்லுத் தீர்த்தம் என்பார்கள். கையை விட்டால் புண்ணியவானுக்குத் தண்ணீர் தட்டுப்படும். பாவிக்கு வெறும் கல். எனக்கு எது என்று எனக்குத் தெரியும். ஜுரத்தில் கடைசி மூன்று நாளும் அவர் தண்ணீர் தண்ணீர் என்றார். கொடுக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. நான் கொடுக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்போதும் கொடுக்கவில்லை. நாக்கு வறண்டே போனார். யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதியதோடு சரி.

கமலா கேட்பவளா? போகும்போது என் புடவை ஒன்றை மடித்துத் தன் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். புடவைக்காகவாவது போயாக வேண்டும்.

மாசி 5, சனி

மேகம். மழை இல்லை. சாயங்காலமே கமலா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கட்டியது: புளிசோறு, வறுத்த கடலை, எலுமிச்சை ஊறுகாய், வாழைப்பழம் ஒரு சீப்பு, சுவாமிக்கு நெய் ஒரு கிண்ணம். அங்கே லிங்கத்தின் மேல் நெய்யைத் தேய்த்தால் வெண்ணெய் ஆகிவிடுமாம்.

கமலா வீட்டுக்காரர்: "அப்ப மோரையும் எடுத்துக்கோ. பாலாயிட்டா லாபம்தானே?"

கமலா கரண்டியை ஓங்கினாள். அவர் ஓடினார். அந்த உடம்புக்கு நல்ல ஓட்டம்.

மாசி 6, ஞாயிறு

கா. 6 மணி ரயில். குளிர். ஜன்னலோரம் எனக்கு. நிடவந்தாவில் இறங்கி மாட்டுவண்டி. கமலா வீட்டுக்காரர் பின்னால் உட்கார, நுகத்தடி மேலே கிளம்பிவிட்டது. மாடே திரும்பிப் பார்த்தது. வண்டிக்காரன் அவரை முன்னால் இழுத்து உட்காரவைத்தான்.

மலை தெரிந்தது. கிழக்கேயிருந்து பார்த்தால் காளை படுத்திருக்கிற மாதிரி என்றான் வண்டிக்காரன். சரியாகத்தான் சொன்னான். கமலா வீட்டுக்காரருக்கு மட்டும் இட்லி மாதிரி தெரிந்ததாம். பசி.

கீழ்க்கோயிலில் நெய் தேய்த்தார் குருக்கள். வெள்ளையாய்த் திரண்டு வந்தது. கமலா வீட்டுக்காரர் ஒரு துளி வாயில் போட்டு, "வெண்ணெய்தான்," என்றார், தோற்றவர் மாதிரி.

பிறகு ஏற்றம். பாறையிலேயே வெட்டின படி. ஒரு குரங்கு கடலைப் பொட்டலத்தைக் கமலா வீட்டுக்காரர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது. ஆமாம், வாங்கிக்கொண்டது. இவரே நீட்டினார், பயத்தில். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். கமலா என்னையே பார்த்தாள்.

ஒளகல்லுத் தீர்த்தம். சின்னக் குகை, இருட்டு, ஈரவாசனை. பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருத்தியாய்க் குப்புறப் படுத்துக் கை விடுகிறாள். மற்றவர்கள் "சிக்தா? சிக்தா?" என்று கேட்கிறார்கள். கிடைத்ததா என்று, கன்னடத்தில். யாருக்கும் கிடைக்கவில்லை.

பட்டாளத் தண்டுப் பக்கத்து அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்க சித்த தள்ளி நில்லுங்க. சுமங்கலிங்க முடிச்சுக்கட்டும்," என்றாள். தள்ளி நின்றேன்.

கமலா படுத்தாள். முழங்கை வரைதான் போனது. வளையல் கல்லில் மாட்டி நெரிந்தது. உடைந்தால் புருஷனுக்கு ஆகாது. வெடுக்கென்று உருவிக்கொண்டாள். எழுந்தபோது முகமே செத்துப்போயிருந்தது. தண்ணீர் எட்டாததற்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

"நீங்க விடுங்க அண்ணி."

மாட்டேன் என்றேன். தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். விட்டேன். முழங்கை போனது. கல். தோள் வரை போனது. கல். கன்னம் பாறையில் அழுந்தியது. தெரிந்ததுதானே என்று நினைத்தேன். மூச்சை விட்டு இன்னும் ஒரு விரற்கடை தள்ளினேன்.

சில்லென்றது.

"இருக்கு! இருக்கு கமலா!" குகையே அதிர்ந்திருக்கும்.

அப்புறம்தான் புரிந்தது. அவர்களுக்கெல்லாம் வளையல் தடுக்கிறது. என் கையில் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

ஆனால் அவர்கள் விட்டால்தானே? "நனகே அக்கா, நனகே!" எனக்கு எனக்கு என்று எல்லாக் கையும் என் முன்னால். படுத்துப் படுத்து அள்ளினேன். வெளியே வருவதற்குள் பாதி சிந்திவிடும். தள்ளி நில் என்ற அம்மாள்தான் முதலில் நீட்டினாள். கொடுத்தேன். கமலா வீட்டுக்காரர் கை பொந்தில் நுழையவே இல்லை. "அக்கா, எனக்கு ரெண்டு சொட்டு." கமலா மட்டும் வாங்கவில்லை. வேண்டாம் என்று வெளியே போய் நின்றாள்.

உச்சியில் கல் நந்தி. காற்று ஆளைத் தூக்கியது. கீழே ஏரிகள், கேழ்வரகுக் கொல்லை, எறும்பு மாதிரி நம் வண்டி. ராணி ஒருத்தி குதித்த பாறையாம், எட்டிப் பார்த்தேன். கால் கூசியது. புளிசோறு அமிர்தம்.

மாசி 7, திங்கள்

தோள் சிராய்ந்திருக்கிறது. கமலா தேங்காயெண்ணெய் தடவினாள். இன்னும் அவள் வீட்டில்தான். அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். தடவத் தடவச் சொல்லிவிட்டேன். டாக்டர், தண்ணீர், முந்தானை, எல்லாம்.

அவள் கை நின்றது.

"நான் குடுத்தேன் அண்ணி."

"என்ன?"

"நீங்க குளிக்கப் போனப்ப. கடைசியா நான் கூட இருந்த ரெண்டு நாளும். டாக்டர் வேணாம்னு சொல்லியும் குடுத்தேன். நான்தான் அண்ணனைக் கொன்னுட்டேன்னு ஒரு வருஷமா... நேத்து அந்தத் தண்ணியும் எனக்கு எட்டல."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு. சொம்பு நிறைய. மடக்கு மடக்கா."

"நீ கொல்லலடி. வேற என்ன சொன்னார்?"

"அப்பாடான்னாரு. அண்ணிகிட்ட சொல்லாதே, திட்டுவாள்னாரு."

இரண்டு பேரும் அழுதோம். நடுவில் சிரிப்பும் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னாள். இன்னொரு தரம் கேட்டேன்.