காதுக்கு முதல் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக் கண்ணாடிக் கடையில் கூட்டமே இல்லை. பவர் பார்க்க வந்தவர் ஒரே ஒரு வங்கிக்காரர். லென்ஸை மாற்றாமலே மாற்றியதுபோல் கையை ஆட்டிவிட்டு, "இது தெளிவா, முன்னாடி வச்சது தெளிவா?" என்று கேட்டேன். "இதுதாங்க. பளிச்சுனு இருக்கு" என்றார். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல மாட்டார்கள். எதிரே நிற்பவள் மனம் கோணக் கூடாது என்று எதையாவது சொல்வார்கள். அப்புறம் நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், என் வீட்டுக்காரரின் ஆபரேஷன் செய்த காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டார்கள். உள்ளே அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று இறுகிப்போயிருந்ததாம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று, "இந்த ஃபிரிட்ஜ் எப்பவும் இப்படித்தான் முனகுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இனிமேல் பாட்டுக் கேட்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரைக்காதோடு கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம் என்று இத்தனை மாதம் பட்டினி கிடந்த மனுஷன். உடனே பழைய நீல அட்டை ஆல்பத்தை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நம்மாளோட புது ஆல்பம் வருதில்ல? காதுக்கு முதல் பாட்டு அதுதான்" என்றார்.

நம்மாள் என்பது எங்கள் பாடகர். கல்யாணத்துக்கு முன்பே எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொந்தக்காரர். அவருக்குத்தான் எங்களைத் தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

ஆல்பம் வந்துவிட்டது. இவருக்கு ஓட்டுநர் பள்ளியில் மாலை வகுப்பு, ஆகவே நாளைக்குத்தான். தனியாகக் கேட்பது துரோகம். அட்டையை மட்டும் பார்த்தேன். நம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். அந்த முகத்துக்கு அந்த ஃபிரேமை எந்தக் கடைக்காரி கொடுத்தாளோ!

மார்ச் 8, சனி

புது ஆல்பம் என்றால் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. ஸ்பீக்கருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். நடுவில் பேச்சு கிடையாது, டீ ஆறினால் ஆறட்டும். முடிந்ததும் தீர்ப்பு. முதலில் நான்தான் சொல்ல வேண்டும். இவர் வாயைத் திறப்பதற்குள் விடிந்துவிடும் என்பதால் வந்த ஏற்பாடு.

இதை எப்படி எழுதுவது? நன்றாக இல்லை. இல்லவே இல்லை. ஒரு கிட்டாரும் ஒரு வயலினும் வைத்துக்கொண்டு, மூச்சு விடுவதுகூடக் கேட்கும்படி பாடிய மனுஷன். இப்போது அந்தக் குரலுக்கு இஸ்திரி போட்டு, ஒரு மடிப்பு சுருக்கம் இல்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். பின்னால் டம்டம் என்று ஒரு மெஷின். நாலாவது பாட்டில் யாரோ ஒரு பையன் வந்து கடகடவென்று ஏதோ ஒப்பிக்கிறான். ஏழாவது பாட்டு முழுக்கக் கைதட்டல். யாருக்கு, எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. அதற்காக ஆனை மாடிப்படி முழுக்கவா உருண்டு வரும்?

முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தண்ணீர். இத்தனை மாதம் கழித்து முதல் பாட்டு! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு 'கண்றாவி' என்று எப்படிச் சொல்வேன்?

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இதுவரைக்கும் வந்ததுலயே இதுதாங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "ஆமா. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயோடு இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் குளிக்கும்போது சத்தத்தைக் குறைத்து இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். நேற்று என் மனநிலைதான் சரியில்லையோ என்று ஒரு நப்பாசை. மனநிலை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இவர் ஓட்டுநர் பள்ளி ஆசிரியர் என்பதால் எங்கள் வீட்டு வண்டியும் பயிற்சி வண்டிதான். கூரையில் பலகை, வாத்தியார் பக்கத்துக்கும் தனியாக ஒரு பிரேக். காலையில் கடைவரை நான் ஓட்டுவேன். கட்டின பெண்டாட்டி என்றாலும் அவர் கால் அந்தப் பிரேக்கைவிட்டு நகராது. இது பழகிவிட்டது.

பழகாதது கைதட்டல் பாட்டு. நாலு நாளாகத் தினமும் போடுகிறார். "உனக்குப் பிடிச்சிருக்கே, அதான் போட்டேன்" என்கிறார். நான் தலையை வேறு ஆட்ட வேண்டியிருக்கிறது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். இதை நிஜமாகவே ரசிக்கிறாரா? அப்படியானால் அந்தக் காதில் ஏதோ... சே. எழுதக்கூட வேண்டாம்.

மார்ச் 19, புதன்

நல்ல நாள். வகுப்பில் ஒரு அம்மாள் முதல்முறையாக வண்டியை அணையவிடாமல் மேட்டில் ஏற்றினாராம். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கி வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, "மேல் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழ போட்டுட்டார்", "இப்ப எடுத்துட்டார்" என்று நேர்முக வர்ணனை வேறு. எல்லாம் கேட்கிறது. நான் முணுமுணுத்ததுகூடக் கேட்டுவிட்டது. அது மட்டும் கேட்காமலிருந்த காலம் கொஞ்சம் சௌகரியமாக இருந்தது.

"நீல அட்டையைப் போடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். அப்புறம் பார்க்கலாம்."

நீல அட்டையையா வேண்டாம் என்கிறார்?

மார்ச் 25, செவ்வாய்

காது பரிசோதனை. அந்தக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சோதனை எடுத்த பெண் தாளைக் காட்டி, "சூப்பர் சார்! கோடு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க" என்றாள்.

இவர் தாளைப் பார்க்கவில்லை. "கீங் கீங்னு சத்தம் கேக்குதும்மா. பாட்டு சரியாக் கேக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதுக்கு எங்ககிட்ட மெஷின் இல்லையே சார்!"

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறியதும் என் பக்கம் திரும்பி, "இந்தா, உன் பாட்டு" என்று கைதட்டலைப் போட்டுவிட்டார்.

உன் பாட்டாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மத்தியானம் நாத்தனார் போன் பண்ணினாள். "அண்ணி, வீட்டுல ஏதாவது சண்டையா?"

"இல்லையே. ஏன்?"

"அண்ணன் ஸ்பீக்கர், சிடி எல்லாத்தையும் என்னையே எடுத்துக்கச் சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வண்டியோட வான்னாரு. ஏப்ரல் ஒண்ணுன்னு விளையாடறாரோன்னு நினைச்சேன், குரலைக் கேட்டா அப்படித் தெரியல."

இவர் வந்ததும் கேட்டேன். "எடத்தை அடைக்குது. உனக்குத்தான் போன்ல கேட்டா போதுமே" என்றார்.

எடத்தை அடைக்குதாம்! அந்த ஸ்பீக்கருக்காகக் கட்டில் வாங்காம தரையில படுத்த ஆளு. நான் ஊருக்குப் போனா எனக்குப் போன் பண்றாரோ இல்லையோ, அதைத் துடைக்காம இருந்ததில்ல. இப்ப தூக்கிக் கொடுத்துடுவாராம். என்னதான் ஆச்சு இந்த மனுஷனுக்கு? காது வந்ததும் பாட்டு போயிடுச்சா? பயமா இருக்கு. ஆல்பம் நாசமாப் போகட்டும், அது பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. இவர் பாட்டுக் கேக்காத ஆளா மாறிட்டா அந்த ஆளோட எப்படி இருக்கிறதுன்னே எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 4, வெள்ளி

சிடிக்களை அட்டைப் பெட்டியில் அடுக்குகிறார். வருஷ வாரியாக. கொடுத்தனுப்பும்போதுகூட வரிசை தப்பக் கூடாதாம்.

ஏப்ரல் 5, சனி

இதை இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

காலையில் கடைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரியெல்லாம் அந்தப் பெட்டியை நினைத்துத் தூக்கமில்லை. இவர் வழக்கம்போல ஏழாவது பாட்டைப் போட்டார். கைதட்டல் ஆரம்பித்தது. எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று.

"நிறுத்துங்க அந்தக் கண்றாவியை!" என்று கத்தினேன்.

நின்றது பாட்டு இல்லை, வண்டி. வாத்தியார் பக்கப் பிரேக்கை ஏறி மிதித்துவிட்டார். நடுத்தெருவில் குலுங்கி நின்றோம். கூரையில் பலகை இருந்ததால் பின்னால் வந்தவர் பாவம் புதுசு என்று சுற்றிக்கொண்டு போனார்.

"என்ன சொன்னே?"

"கண்றாவின்னு சொன்னேன். சகிக்கலை. முதல் நாள்லேர்ந்து சகிக்கலை. கைதட்டல், அந்தப் பையன், எல்லாமே."

"நல்லா இருக்குன்னியே? வந்ததுலயே இதுதான்னியே?"

"நீங்க அழுதீங்களே! இத்தனை மாசம் கழிச்சு முதல் பாட்டு, சந்தோஷத்துல அழறீங்கன்னு நினைச்சேன். அதைக் கெடுக்க மனசு வரலை."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு எல்லாமே இரைச்சலாக் கேட்டுது. அவரோட குரலே இல்ல அது. உன்னைப் பார்த்தேன், பிரமாதம்னே. உன் காது நல்ல காது. அப்ப என் காதுதான் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். பேச்சு கேக்குது, ஹாரன் கேக்குது, பாட்டு மட்டும் இனிமே இப்படித்தான்னு."

"அப்புறம் ஏங்க தினம் போட்டீங்க?"

"கேக்கக் கேக்கப் பழகுமோன்னு பார்த்தேன். உனக்கும் பிடிச்சிருந்துது."

"நீல அட்டையை ஏன் தொடலை?"

"அதுவும் இப்படிக் கேட்டுட்டா?" என்றார். "அதை மட்டுமாவது மனசுல நல்லபடியா வச்சுக்கலாம்னு..."

நாலு வாரமாக இந்த மனுஷன் பக்கத்து சீட்டில் தன்னந்தனியாகத் துக்கம் காத்திருக்கிறார், நான் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணிடம் உண்மையைக் கேட்கிற வேலை எனக்கு. ஊருக்குத்தான் உபதேசம்.

ஆனால் முதலில் சிரித்தது அவர்தான். "அப்ப ஆல்பம்தான் மோசமா?"

"படு மோசம்!"

"என் காது நல்லாத்தான் இருக்கா?"

"நம்மாளுக்குத்தான் கெட்டுப் போச்சு!"

ஒரு ஆல்பம் மோசம் என்று கேட்டு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பாட்டு இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்காகவே தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்குத் தாமதம். முதலாளியிடம் வண்டி நின்றுவிட்டது என்றேன். பொய்யில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பெட்டியைப் பிரித்து நீல அட்டையை எடுத்துப் போட்டோம். இவர் கை ஸ்பீக்கர்மேலேயே இருந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கும் முன் ஒரு நாற்காலி கிறீச்சிடும், அப்புறம் நம்மாள் மூச்சை இழுப்பார். நாற்காலி கிறீச்சிட்டது. இவர் விரலை உயர்த்தினார். மூச்சு வந்தது. "இருக்கு" என்றார். "எல்லாம் அப்படியே இருக்கு." அவர் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். இவரும் அழுதார். இந்தத் தடவை எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதினொரு மணிக்கு நாத்தனார் வண்டியோடு வந்து நின்றாள். கதையைச் சொன்னோம். "அப்ப எனக்கு ஸ்பீக்கர் கிடையாதா? நான் ஷெல்ஃபை வேற காலி பண்ணி வச்சிட்டு வந்தேன்!" என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு போட்டுச் சமாதானப்படுத்தினேன். தலைக்கு வந்தது ஒரு வேளைச் சாப்பாட்டோடு போயிற்று.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏன் அண்ணி, அந்தக் கைதட்டல் பாட்டு நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

இருவரும் அவள் காதைப் பார்த்தோம்.

ஏப்ரல் 12, சனி

எது படுமோசம் என்பதில் வீட்டில் பலத்த சண்டை. இவர் நாலாவது என்கிறார், நான் ஏழாவது. விட்டுக்கொடுப்பதாக இல்லை. புது விதி ஒன்றும் வந்திருக்கிறது: இனிமேல் தீர்ப்பை இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காற்று நன்றாக இருக்கிறது. துணியெல்லாம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. நம்மாள் அடுத்த ஆல்பத்துக்குக் கிட்டாரோடு தனியாக உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. நம்பிக்கை வைப்பதா வேண்டாமா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. வைத்துவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, இவர் தன் காதைத் தானே சோதித்துக்கொள்ளும் நாள். இவர் ஸ்பீக்கர் முன்னால் போய் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி அட்டையை எடுத்து ஏழாவது பாட்டைப் போட்டார். பாதிவரை கண்ணை மூடி, காதைச் சாய்த்து, ரொம்பக் கவனமாகக் கேட்டார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"என்ன?"

"இன்னும் மோசமாத்தான் இருக்கு!" என்று அங்கிருந்தே சந்தோஷமாகக் கத்தினார்.

டீக்குத் தண்ணீர் வைத்தேன்.