அரசாங்கக் கணக்கில் நீ வீட்டில்தான் இருந்தாய்

வெஸ்லி,

எழுந்ததும் கம்ப்யூட்டரைத் தொடாதே! முதலில் இதைப் படி.

"நான் யாரையும் நம்பி வாழலம்மா, என் வரிக்கணக்கை நானே அனுப்பிக்கிறேன்!" என்று நேற்று கத்தினாயே, மூன்று மூட்டை அழுக்குத் துணியை என் மெஷினில் திணித்துக்கொண்டே? விடிந்ததும் நம் வரிக்கணக்கு எழுதும் அர்லீனுக்குப் போன் போட்டேன்.

"பையன் வருஷம் பூரா காலேஜ் விடுதியில இருந்தான். அவனை என்னைச் சார்ந்தவன்னு என் கணக்குல எப்படிடி காட்டுறது?"

"படிக்கப் போனவன் வீட்ல இருந்ததாத்தான் அர்த்தம், லொரெய்ன். சட்டமே அப்படித்தான்!"

கேட்டாயா? மிச்சிகன் காலேஜில் நீ இருந்த மாதமெல்லாம் இங்கே டுலூத்தில் என்னோடுதான் இருந்திருக்கிறாய். எனக்கு அது எப்போதோ தெரியும். அரசாங்கத்துக்கும் தெரிந்திருப்பதுதான் ஆச்சரியம்.

நீ முந்திக்கொண்டு 'யாரையும் சாராதவன்' என்று அனுப்பிவிட்டால், உன்னைக் காட்டிய என் படிவம் திரும்பி வந்துவிடும், உனக்காகக் கிடைக்கும் வரிச்சலுகையும் போய்விடும். மே மாதம் பட்டம், அப்புறம் வேலை. உன்னை என் பெயரில் எழுதுவது இதுவே கடைசி. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுடா.

ஃபிரிட்ஜில் உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. வெளியே போவதானால் வீட்டுச் சாவி பனி அள்ளும் மண்வெட்டிக்குப் பின்னால்.

அம்மா

பி.கு: துணி காய்ந்து, மடித்தும் வைத்தாயிற்று. ஒரே ஒரு சாக்ஸ்தான் யாரையும் சாராமல் தனியாகக் கிடக்கிறது.