தோளில் நிற்காத பட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மகள் சீட் பெல்ட்டை அக்குளுக்கடியில் விட்டுக்கொண்டுதான் பார்சல் வேனை எடுத்தாள். சீட் பெல்ட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

"கழுத்தை அறுக்குதுப்பா. நாள் முழுக்க ஓட்டறது நான்தானே."

அப்படிப் போட்டால் எங்காவது மோதும்போது விலா எலும்பு நொறுங்கிவிடும் என்றேன்.

"காலங்கார்த்தால நல்ல வார்த்தை சொல்றீங்க" என்று கிளம்பிவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

என் புது பெல்ட் யோசனைக்கு முதலாளி ஒருவழியாகத் தலையாட்டினார். வேனின் கதவோரத் தூணில் ஒரு இரும்புச் சட்டம், அதில் மேலும் கீழும் நகரும் வளையம், வளையத்தின் வழியே பெல்ட். பொத்தானை அமுக்கி அவரவர் உயரத்துக்கு நிறுத்திக்கொள்ளலாம். பத்தாவதோடு நின்றவன் போட்ட படம். முதலாளி தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் திருத்தவில்லை. எப்படிப் பிடித்தாலும் அது அப்படித்தான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பட்டறை ஆட்களையெல்லாம் சுவரோரம் நிறுத்தி உயரத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டேன். வெல்டர் நெட்டைதான் உயரம். பேக்கிங் பார்க்கும் பொடியண்ணன்தான் குட்டை.

"என்னய்யா, எனக்குச் சவப்பொட்டி செய்யப் போறியா?" என்றார் பொடியண்ணன்.

இந்த இரண்டு பேரையும் மாதிரிக்கு வைத்திருந்த சீட்டில் உட்காரவைத்து, வளையம் மாட்டி நிற்கச் சட்டத்தில் பள்ளம் பள்ளமாகக் காடி வெட்டினேன்: மேல் காடி அவனுக்கு, அடிக் காடி இவருக்கு. ஊரில் மற்றவர்களெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

மகளைப் பட்டறைக்கு வரச்சொல்லி உட்காரவைத்தேன். வளையத்தை அடிக் காடி வரை இறக்கியும் பட்டை கழுத்தில்தான் கிடக்கிறது. அதெப்படி? பொடியண்ணனைவிட அரைச் சாண் உயரமானவள். அவருக்குத் தோளில் அம்சமாக உட்காருகிறது. இவளுக்கு மட்டும் ஏன் —

"இதுக்குப் பழசே தேவலாம்பா" என்றாள். நெட்டை சிரித்தான். வேறு எவனாவது செய்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மார்ச் 21, வெள்ளி

மூளை ஓடவில்லை. இருந்தால்தானே ஓடும்.

மார்ச் 23, ஞாயிறு

சாப்பிடும்போது புலம்பிக்கொண்டிருந்தேன். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: "உங்க மக நின்னுக்கிட்டா வண்டி ஓட்டப் போறா?"

மகள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அப்போதுதான் பார்க்கிறேன். அவள் உயரமெல்லாம் காலில். உட்கார்ந்தால் ஆள் பாதியாகிவிடுகிறாள். பொடியண்ணனுக்கோ நேர்மாறு — கால் கட்டை, முதுகு நீளம். உட்காருகிறவர்களுக்குப் பெல்ட் செய்ய, ஆட்களை நிற்கவைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தொப்பி தைக்கக் காலை அளந்தவன்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. சாப்பிடுங்க."

மார்ச் 24, திங்கள்

"அப்போ சுவத்துல என்னத்தைய்யா கிறுக்கினே?" — முதலாளி. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. சட்டத்தைக் கீழே நீட்டி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

இழுவைச் சோதனை. வளையத்தைப் பிடித்து நிறுத்தும் முளை, காடியை விட்டு எகிறிவிட்டது. சனியன்.

ஏப்ரல் 19, சனி

காடியை ஆழமாக்கி, முளையைத் தடிமனாக்கினோம். இந்தத் தடவை நின்றது. சந்தோஷப்பட விட்டார்களா? பொத்தான் கல்லு மாதிரி ஆகிவிட்டது. மகள் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள்.

"இதை நகர்த்தறதுக்குன்னே கூட ஒரு ஆள் ஏத்திக்கணும் போல."

ஸ்பிரிங்கை மாற்றணும். அதையும் சோதனைக்கு அனுப்பணும். எனக்கு ஏன்தான் இந்த வேலை? வாயை மூடிக்கொண்டு பழையபடி பட்டை தைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

ஏப்ரல் 30, புதன்

எல்லாச் சோதனையும் முடிந்து அவள் வேனில் மாட்டியாயிற்று. என் கண் முன்னால் ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டாள். தெரு திரும்பியதும் அக்குளுக்குப் போனதா? கேட்டால் சண்டை. கேட்காவிட்டால் தூக்கம் வரவில்லை.

மே 8, வியாழன்

மகளிடமிருந்து போன். முன்னால் போன லாரிக்குக் குறுக்கே ஒருவன் வந்து, லாரி சட்டென்று நின்றுவிட்டதாம். இவள் பிரேக் அடித்தும் வேன் நிற்காமல் அதில் இடித்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டார், பயமில்லை என்றாள்.

"எங்கம்மா வலிக்குது?"

"தோள்லதான்பா. குறுக்கால நீலமா கன்னிப்போயிருக்கு."

"விலாவுல?"

"அங்க ஒண்ணுமில்ல."

"கழுத்துல?"

"தோள்லன்னுதானே சொல்றேன்."

தோளில். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி என்னைப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள். "புள்ளைக்கு அடிபட்டிருக்கு, இந்த மனுஷன் இளிச்சுக்கிட்டிருக்கார்" என்று மகளிடமே புகார் சொன்னாள்.